ஜிஎஸ்டி கெடு தாண்டிவிட்டதா? குமரி மாவட்டச் சிறு வியாபாரிக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஜனவரி 2-ம் தேதி சாயங்காலம், பாறசாலையில் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டருக்கு 68,000 ரூபாய்க்கு ஒயரும் சுவிட்சும் டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு, வேண்டும். கடைப் பையன் பில் போட உட்கார்ந்தான். போட முடியவில்லை. உங்கள் ஜிஎஸ்டி எண் முடக்கப்பட்டிருக்கிறது, ரிட்டர்ன் (வரிக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்யவில்லை என்று வந்தது.

நான் மாதாமாதம் வரிப் பணத்தையும் கூலியையும் ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒருவரிடம் கொடுத்துவந்தேன். அவர் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ரிட்டர்ன் போடவே இல்லை. அன்றைக்குப் போனையும் எடுக்கவில்லை. டெம்போவை இறக்கிவிட்டு, அடுத்த ஒரு வாரம் நான் அலைந்ததைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். கோட்டாறு கம்போளத்தில் பழைய ஆட்கள் இன்னும் ஜிஎஸ்டியை ‘சேல்ஸ் டாக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பெயர் எதுவானாலும், கெடு தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். புகையிலைப் பொருள் தயாரிப்பவர்களுக்கு எக்சைஸ் தனியாக உண்டு. அதன் சட்டமும் கணக்கும் வேறு. இது அவர்களுக்கானது அல்ல.

1. முதலில் மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் மூன்றும் வேறு வேறு. பலரும் மூன்றையும் ‘ஃபைன்’ என்று ஒரே மூட்டையில் கட்டிப் பயந்துபோகிறார்கள்.

வட்டி, கட்டாத வரிக்கு. ஆண்டுக்கு 18 சதவீதம், நாள் கணக்கில்.

தாமதக் கட்டணம், ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டதற்கு. கட்ட வரியே இல்லாவிட்டாலும் இது உண்டு.

அபராதம், அதிகாரி நோட்டீஸ் கொடுத்து உத்தரவு போட்டால் வருவது. தானாக மீட்டர் மாதிரி ஓடாது. ஆனால் வந்தால் வலிக்கும். கடைசியில் சொல்கிறேன்.

2. லாகின் உங்கள் கையில் இருக்கிறதா?

என் ஒரு வாரத்தில் நாலு நாளைத் தின்றது இதுதான். இ-வே பில் தளத்தின் பாஸ்வேர்டு எங்களிடம் இருந்தது. ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு இல்லை. சரி, ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ போட்டு மாற்றிவிடலாம் என்றால், ஓடிபி போனது அந்த ஆளுடைய செல்போனுக்கு. பதிவு செய்த நாளிலேயே தன் எண்ணையும் தன் இமெயிலையும் கொடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. உங்களுடையது எப்படி இருக்கிறது என்று இந்தக் கட்டுரையை மூடுவதற்கு முன்பே பாருங்கள்.

லாகின் உள்ளே போக முடிகிறது, எண் மட்டும் வேறு ஆளுடையது என்றால் வேலை எளிது. ரெஜிஸ்ட்ரேஷன் பகுதியில் ‘நான்-கோர் அமெண்ட்மெண்ட்’ என்று இருக்கும். அதில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவரின் செல்போனையும் இமெயிலையும் மாற்றலாம். அதிகாரி ஒப்புதல் தேவையில்லை.

உள்ளேயே போக முடியவில்லை என்றால், உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் நேரில் போக வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும். மாநில வணிக வரித் துறைக்கும் மத்திய ஜிஎஸ்டிக்கும் அலுவலகம் தனித்தனி. பதிவு பெற்றவர்களை இரண்டு தரப்பும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கடைக்காரர் மாநிலத்தில் இருப்பார், நீங்கள் மத்தியில் இருப்பீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலேயே ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த அலுவலகம் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். நான் பார்க்காமல் ஏறி, ஒரு நாள் முழுக்கத் தவறான அலுவலகத்தில் காத்திருந்தேன்.

நான் கொண்டுபோன காகிதங்கள்:
ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ்
பான் அட்டை, ஆதார் (அசலும் நகலும்)
கடை என்னுடையது என்பதற்கான சான்று
புதிய செல்போன் எண், இமெயில் குறிப்பிட்டு, கையெழுத்தும் கடை முத்திரையும் வைத்த ஒரு விண்ணப்பக் கடிதம்

அதிகாரி சரிபார்த்துப் புதிய எண்ணையும் இமெயிலையும் ஏற்றினால், தற்காலிகப் பாஸ்வேர்டு அந்த இமெயிலுக்கு வரும். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

கிளம்பும் முன் உள்ளூர் விடுமுறையையும் பாருங்கள். நான் முதலில் கிளம்பிய அன்று சுசீந்திரம் தேர். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை நாட்களிலும் நம் மாவட்டத்துக்கு விடுமுறை வரும். மாநில அலுவலகம் பூட்டியிருக்கும்; வட்டிக்கு அன்றைக்கும் லீவு கிடையாது.

3. எந்தக் கெடுவைத் தவறவிட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

மாதாமாதம் போடுபவர்கள்: விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-க்குள், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால்: ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த மாதத்துக்கு அடுத்த 13-க்குள், 3பி தமிழ்நாட்டுக்கு 22-க்குள். காலாண்டு என்பதால் மூன்று மாதம் சும்மா இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு மாதத்துக்கும் வரியை அடுத்த மாதம் 25-க்குள் பிஎம்டி-06 சலானில் கட்டியாக வேண்டும். ரிட்டர்ன்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கும் என் சொந்தக்காரர் ஒருவர் ஒரு வருடமாக இதைத் தெரியாமல் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்து 18-ம் தேதிக்குள் சிஎம்பி-08 படிவம். வட்டி விகிதம் அவர்களுக்கும் அதே 18.

20-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள் வரை நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நம்பாதீர்கள். அரசு தனியாக அறிவித்துத் தேதியை நீட்டினால் மட்டுமே நீட்டிப்பு.

4. வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள்

இதற்குக் கால்குலேட்டர் போதும். சூத்திரம்: ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி × 18 ÷ 100 × தாமதமான நாட்கள் ÷ 365.

‘ரொக்கமாகக் கட்ட வேண்டிய’ என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவு, அதாவது ஐடிசி, போக மீதித் தொகைக்குத்தான் வட்டி. என் அக்டோபர் கணக்கு இது:

விற்பனை மேல் வரி 58,000 ரூபாய். ஐடிசி 41,500. கையிலிருந்து கட்ட வேண்டியது 16,500. கெடு நவம்பர் 20, நான் ரிட்டர்ன் போட்டது ஜனவரி 9. தாமதம் 50 நாள். வட்டி 407 ரூபாய்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதையே 58,000-க்கு மொத்தமாகப் போட்டு 1,430 ரூபாய் என்றார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஆகவே யார் கணக்குச் சொன்னாலும் எந்தத் தொகைக்கு வட்டி போட்டீர்கள் என்று கேளுங்கள்.

மொத்தத் தொகைக்கும் வட்டி வரும் இடங்கள் உண்டு. அந்த மாதத்துக்காக அதிகாரி வரி நிர்ணய நடவடிக்கை தொடங்கிய பிறகு ரிட்டர்ன் போட்டால், ஐடிசி கழிக்கும் சலுகை கிடையாது. முந்தைய மாதத்து விற்பனையை விட்டுவிட்டுப் பிந்தைய மாத ரிட்டர்னில் சேர்த்தாலும் அப்படித்தான். தகுதியில்லாத ஐடிசியை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், பயன்படுத்திய தொகைக்கு அதே 18 சதவீதம்.

என் நவம்பர் மாதம்: ரொக்க வரி 11,200, தாமதம் 20 நாள், வட்டி 110 ரூபாய் சில்லறை. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வட்டி 518 ரூபாய்கூட வரவில்லை. பயந்த அளவுக்கு இல்லை. கடித்தது அடுத்தது.

5. தாமதக் கட்டணம், அதன் உச்சவரம்பு

3பி-க்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய்: மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25. வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய். ஆனால் இது முடிவில்லாமல் ஏறாது. ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு, முந்தைய ஆண்டின் விற்றுமுதலைப் பொறுத்து:

வியாபாரம் இல்லாத ரிட்டர்ன்: 500 ரூபாய்
1.5 கோடி வரை: 2,000 ரூபாய்
1.5 கோடிக்கு மேல் 5 கோடி வரை: 5,000 ரூபாய்
அதற்கு மேல்: 10,000 ரூபாய்

எனக்கு அக்டோபருக்கு 50 நாள், 2,500 வந்திருக்க வேண்டும்; வரம்பு காரணமாக 2,000-த்தில் நின்றது. நவம்பருக்கு 1,000. வரம்பு ஒரு ரிட்டர்னுக்கு என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் விட்டால் ஆறு வரம்பு.

ஜிஎஸ்டிஆர்-1-க்கும் சட்டத்தில் தாமதக் கட்டணம் உண்டு.

கடையை மூடிப் போட்டிருந்தாலும், பதிவை ரத்து செய்யாத வரை ரிட்டர்ன் போட்டாக வேண்டும். வியாபாரம் இல்லாத மாதத்துக்கு 3பி-யைப் பதிவு செய்த செல்போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம். அதற்கும் அந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

6. பணத்தைச் சரியான தலைப்பில் போடுங்கள்

வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் ஐடிசியில் கழிக்க முடியாது. ரொக்கம்தான். சலான் உருவாக்கும்போது மத்திய வரி, மாநில வரி, மாநிலங்களுக்கு இடையிலான வரி என்று வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வரி, வட்டி, அபராதம், கட்டணம், மற்றவை என்று கட்டங்கள். மொத்தத்தையும் ‘வரி’ கட்டத்தில் போட்டுவிட்டால் தாமதக் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்று ரிட்டர்ன் நின்றுவிடும். களியக்காவிளை தாண்டி விற்கும் நம்மைப் போன்றவர்கள் மாநில வரிக்கும் மாநிலங்களுக்கு இடையிலான வரிக்கும் பணத்தை மாற்றிப் போடுவதும் சகஜம். தவறிப்போனால் பதற வேண்டாம். பிஎம்டி-09 என்ற படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

சலான் 15 நாள் செல்லும். வங்கிக் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டுவதற்கு 10,000 ரூபாய் வரம்பு உண்டு. நெட் பேங்கிங் இருந்தால் அதுவே நல்லது. வங்கியில் பணம் கழிந்தும் லெட்ஜரில் (ஜிஎஸ்டி தளத்தில் உள்ள உங்கள் ரொக்கக் கணக்கு) ஏறவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுத்துவிட்டு பிஎம்டி-07 என்ற புகார்ப் படிவம் போடுங்கள். அவசரப்பட்டு இரண்டாவது முறை கட்டாதீர்கள்.

பாதி வரியை இப்போது கட்டி, பாதியை அடுத்த மாதம் கட்டலாமா என்று நான் கேட்டேன். முடியாது. முழு வரியும் இல்லாமல் 3பி ஏறாது. தவணை வசதி சட்டத்தில் உண்டு, ஆனால் ரிட்டர்னில் நாமே ஒத்துக்கொள்ளும் வரிக்கு அது பொருந்தாது. கெடுவுக்கு அப்புறம் லெட்ஜரில் பணத்தைப் போட்டு வைத்தாலும், ரிட்டர்ன் போடும் நாள் வரை வட்டி ஓடும். ஆகவே குறைகிற தொகையைக் கைமாற்று வாங்கியாவது ஒரே நாளில் முடிப்பது லாபம். நான் மைத்துனரிடம் வாங்கினேன்.

7. பழைய மாதத்திலிருந்து வரிசையாகப் போடுங்கள்

அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1, அக்டோபர் 3பி, அப்புறம் நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1, நவம்பர் 3பி. தாண்டிப் போக முடியாது; முந்தைய மாத 3பி இல்லாமல் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 திறக்காது.

ஜிஎஸ்டிஆர்-1-ஐ அவசரத்தில் போடாதீர்கள். அதிலுள்ள விற்பனை வரிதான் 3பி-யில் தானாக வந்து உட்காரும், அங்கே கையால் மாற்ற முடியாது. தவறு இருந்தால் 3பி போடும் முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகத் திருத்த வேண்டும். கொள்முதல் பக்கத்துக்கு ஜிஎஸ்டிஆர்-2பி-யை (விற்றவர்கள் போட்ட விவரத்திலிருந்து தளம் தரும் உங்கள் ஐடிசி பட்டியல்) எடுத்து உங்கள் பில் கட்டோடு ஒப்பிடுங்கள். எனக்கு இதற்கு ஒரு ராத்திரி ஆனது.

ஒரு மாதத்துக்கான தாமதக் கட்டணம் அடுத்த மாத 3பி-யில்தான் வசூலாகும். அக்டோபருக்கான 2,000 எனக்கு நவம்பர் 3பி-யில் வந்தது. நவம்பருக்கான 1,000 டிசம்பர் 3பி-யில். முதல் ரிட்டர்ன் போட்டதும் ‘ஒன்றும் கேட்கவில்லையே’ என்று சந்தோஷப்பட்டு மீதிப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

ரொம்பப் பழைய மாதங்கள் என்றால் இரண்டு கதவுகள் மூடும். ஒரு நிதியாண்டின் ஐடிசியை அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் எடுக்கலாம். அதைத் தாண்டி ரிட்டர்ன் போட்டால் என் அக்டோபர் கணக்கு மாதிரி என்றால் 58,000 முழுவதையும் கையிலிருந்து கட்டும் நிலைதான். கெடு தேதியிலிருந்து 3 ஆண்டு தாண்டிவிட்டால் அந்த ரிட்டர்னைப் போடவே முடியாது.

8. இ-வே பில் முடக்கத்தை எடுப்பது

தொடர்ந்து இரண்டு காலத்துக்கு (மாதமோ காலாண்டோ) 3பி போடாவிட்டால் முடக்கம். உங்களிடமிருந்து வெளியே போகும் சரக்குக்குத்தான் இது. உங்களுக்கு வரும் சரக்குக்கு விற்பவர் பில் போடலாம். அதனால்தான் டிசம்பர் கடைசி வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. சரக்கு வந்துகொண்டேதான் இருந்தது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை என்பதால், உள்ளூர் விற்பனையும் தடையில்லாமல் நடந்தது.

ரிட்டர்ன் போட்டதும் மறுநாள் தானாக விடுபடும். அவசரம் என்றால் இ-வே பில் தளத்தில் ‘அப்டேட் பிளாக் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கிறது. உங்கள் எண்ணைப் போட்டு அழுத்துங்கள். எனக்கு அதில் உடனே திறந்தது.

பாறசாலைக்காரருக்குச் சரக்கு தாமதமானதைவிடப் பெரிய கோபம் வேறு. நான் ஜிஎஸ்டிஆர்-1 போடாததால், நவம்பரில் என்னிடம் வாங்கியதற்கு அவருக்கு ஐடிசி வரவில்லை. “அண்ணாச்சி, உங்க வரியை நான் கட்டினது மாதிரி ஆயிப்போச்சே” என்றார். வாங்கியவர்களுக்கு நீங்களே முதலில் போன் செய்து, எந்த மாத 2பி-யில் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

9. நோட்டீஸ் வந்திருந்தால்

தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். தளத்தில் ‘நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ பகுதியில் போட்டுவிட்டு இமெயில் அனுப்புவார்கள். அந்த இமெயில் யாருடையது என்பதுதான் கேள்வி.

ஜிஎஸ்டிஆர்-3ஏ: ரிட்டர்ன் போடச் சொல்லும் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். அதற்குள் போட்டுவிட்டால் அதோடு சரி.

போடாவிட்டால் அதிகாரி தன் கணிப்பில் வரி போட்டு ஏஎஸ்எம்டி-13 உத்தரவு தருவார். அந்தத் தொகை பெரிதாக இருக்கலாம். உத்தரவு கிடைத்து 60 நாளுக்குள் முறையான ரிட்டர்ன் போட்டால் உத்தரவு திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்குப் பிறகும் 60 நாள் உண்டு, கூடுதல் தாமதக் கட்டணத்தோடு.

டிஆர்சி-01பி: ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டிய வரிக்கும் 3பி-யில் கட்டியதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று கேட்பது. 7 நாள்தான். டிஆர்சி-03 படிவத்தில் வட்டியோடு கட்டுங்கள், அல்லது காரணம் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1 முடங்கும்.

இப்போது அபராதம். மோசடி இல்லாத வழக்கில் வரியின் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. 2024-25 நிதியாண்டு முதல், நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கெடு முடிந்து 30 நாளுக்குள் கட்டாமல் வைத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. பில்லில் வரி போட்டு வாங்கிவிட்டோம் என்றால் அது நம் பணமில்லை என்பதுதான் துறையின் பார்வை. நான் கொடுத்த பணத்தை இன்னொருவர் கட்டவில்லை என்ற கதையை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வரித் தொகை சின்னதாக இருந்தாலும் குறைந்தது 10,000 என்பதால், 30 நாளைத் தாண்ட விடாமல் இருப்பதே முக்கியம்.

மாதாமாதம் போடுபவர் தொடர்ந்து ஆறு மாதமும், காலாண்டுக்காரர் இரண்டு காலாண்டும் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். ரத்து உத்தரவு வந்து 90 நாளுக்குள் ஆர்இஜி-21 விண்ணப்பம் போட்டு மீட்கலாம். எல்லாப் பழைய ரிட்டர்னையும் வட்டி, கட்டணத்தோடு முடித்த பிறகுதான்.

10. அடுத்த 20-ம் தேதிக்கு முன்

வரிப் பணத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தினேன். நெட் பேங்கிங்கில் நானே கட்டுகிறேன். புதிதாகப் பிடித்த ஆள் ரிட்டர்ன் மட்டும் போடுகிறார், மாதம் 500 ரூபாய். போட்டதும் வரும் ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணை எனக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த எண் வராத மாதம் ரிட்டர்ன் போகவில்லை என்று அர்த்தம்.

கணக்கு முடியவில்லை, பில் இன்னும் வரவில்லை என்றாலும் 20-க்குள் உத்தேச வரியை லெட்ஜரில் போட்டு வைத்துவிடுகிறேன். 2024 ஜூலையில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள்: கெடுவுக்குள் போட்ட பணம் ரிட்டர்ன் போடும் நாள் வரை தொடாமல் இருந்தால், அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. தாமதக் கட்டணம் மட்டும் ஓடும். கூடுதலாகப் போட்டது அடுத்த மாதத்துக்கு ஆகும்.

தளம் தொங்கினால் உதவி எண் 1800-103-4786. பேசும்போது புகார் எண் ஒன்று வாங்கி, பிழை வந்த திரையைத் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். 20-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு அழைக்காதீர்கள், 17-ம் தேதியே உட்காருங்கள்.